ஓடைக்கு வழிவிட்ட வீடு

கண்ணை மூடிக்கோ கண்ணு. காது மட்டும் முழிச்சிருந்தா போதும்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. ஏரிக்குக் கீழே ஊரு. ரெண்டுக்கும் நடுவுல ஒத்தையா ஒரு வீடு. அந்த வீட்டுல பாவாயின்னு ஒருத்தி தனியா இருந்தா. அவ புருசன்தான் ஏரிக்குக் காவல். மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து ஊருக்குச் சொல்றது அவன் வேலை. அவன் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டான். அப்புறம் அந்த வேலையை யாரு பார்க்கறதுன்னு ஊர்ல ஒருத்தரும் கேட்கலை. பாவாயியே பார்த்தா. ஊர்ல ஒரு கல்யாணம் காட்சின்னா அவளுக்குச் சொல்லி அனுப்ப மறந்துடுவாங்க. அவ காலைல எந்திரிச்சு ஏரிகிட்டதான் பேசுவா, "இன்னிக்கு ஒரு விரல் அளவு இறங்கிட்டியே"ன்னு. ஏரி என்ன சொல்லும்? சளக் சளக்னு கரையை நக்கும், அவ்வளவுதான்.

ம் சொல்லு.

"ம்."

ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி போறதுக்கு ஒரு ஓடை உண்டு. ஏரி மூலைல கிளம்பி, ஊரைச் சுத்திக்கிட்டு ஆத்துல போய் விழும். ஆனா பத்துப் பன்னெண்டு வருசமா நல்ல மழை கிடையாது. ஓடை காஞ்சு கிடந்துச்சு. முள்ளு மண்டிப் போச்சு. ஊர்ப் பெரியவர் அய்யாவு, சும்மா கிடக்கற இடந்தானேன்னு ஓடைக்குக் குறுக்கால மாட்டுக்கொட்டகை போட்டுக்கிட்டாரு.

அந்த வருசம் பார்த்தா, புரட்டாசியிலயே ஏரி முக்கால்வாசி நிறைஞ்சு போச்சு. ஐப்பசி மழை அப்படியே பாக்கி இருக்கு. பாவாயி போய் ஓடையைப் பார்த்தா, முள்ளும் கொட்டகையுமா அடைச்சுக் கிடந்துச்சு. வழி இல்லேன்னா தண்ணி கரையை உடைக்கும், கரை உடைஞ்சா ஊரே போயிடும். அப்போ ஊர்ச் சாவடிக்குப் போய்ச் சொன்னா. எல்லாரும் வந்து ஓடையைத் திறக்கணும், வீட்டுக்கு வீடு அரிசியும் துணியும் மூட்டை கட்டித் தயாரா வெக்கணும், நான் தகரம் தட்டினா புள்ளைகுட்டியோட கோயில் மேட்டுக்கு ஏறிடணும்னு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. மறுநாள் விடியக்காலைல ஓடைக்கு யாரு வந்தாங்கங்கற?

"யாரு?"

ஒருத்தரும் வரலை. இவ மட்டுந்தான்.

முதல்ல முள்ளு. சரக் சரக்னு ஒன்பது நாள் வெட்டினா. கையெல்லாம் கீறல். அப்புறம் சேறு. சொத் சொத்னு வாரி வாரிக் கரைல போட்டா. அந்தப் பக்கம் போனவங்க நின்னு பார்த்தாங்க, பார்த்துட்டுப் போனாங்க. மூணாவதா அய்யாவு கொட்டகை. அதை இவளால என்ன பண்ண முடியும்? அவர் வீட்டு வாசல்ல போய் நின்னு கேட்டா. முடியாதுன்னுட்டாரு. மறுபடி போனா. அப்பவும் முடியாதுன்னாரு. மூணாந்தடவை போனப்போ அவருக்குக் கோவம் வந்துடுச்சு.

"ஓடைல இருக்கறது என் கொட்டகை மட்டுந்தானா? உன் வீடு எங்கே இருக்கு? முதல்ல அதை எடு. அப்புறம் என்கிட்ட வா."

பாவாயி திரும்பி வந்தா. அவர் சொன்னது நிசந்தான். ஓடை கிளம்பற வாய்லதான் அவ வீடு. அவ புருசன் காஞ்ச காலத்துல கட்டினது.

ம்?

"ம்…"

ஒரு ராத்திரி முழுக்க அந்த வீட்டுல உக்காந்திருந்தா. விடிஞ்சதும் ஏணி போட்டு ஏறி, கூரை ஓடுகளை ஒவ்வொண்ணா இறக்கினா. உள் சுவர்ல அவ புருசன் மண்ணு பூசினப்போ விழுந்த விரல் தடம் வரிவரியா இருந்துச்சு. அதுமேல தன் கையை வெச்சுப் பார்த்தா. அப்புறம் கடப்பாரையை எடுத்தா. தொம். தொம். தொம்.

"அழுதாளா?"

தெரியலை கண்ணு. பக்கத்துல யாராவது இருந்திருந்தாத்தானே தெரியும்?

அய்யாவு அதைப் பார்த்தாரு. ரெண்டு நாள்ல ஆளை விட்டுக் கொட்டகையைப் பிரிச்சுட்டாரு. ஆனா அதுக்கப்புறம் பாவாயியைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அவ ஏரிக்கரை மேல நாலு பனையோலையைச் சாத்தி, அதுக்குள்ள முடங்கிக்கிட்டா.

அப்போ வந்துச்சு மழை. சோஓஓன்னு மூணு நாள் விடாம. ஏரில மூணு கல்படி உண்டு. முதல் நாள் முதல் படி முழுகுச்சு. ரெண்டாம் நாள் ரெண்டாவது. மூணாம் நாள் மத்தியானம் மூணாவது படியும் காணோம். பாவாயி தகரத்தை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா ஓடினா. டங் டங் டங் டங்! முணுமுணுத்துக்கிட்டே சனங்க மூட்டையோட, ஆட்டோட மேட்டுக்கு ஏறினாங்க. அவ மட்டும் கரைக்குத் திரும்பினா. தண்ணி தடதடன்னு ஓடைக்குள்ள பாஞ்சுது. அவ வீடு இருந்த இடத்துல ஆள் உசரத்துக்குத் தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போச்சு. விடிய விடியப் பார்த்துக்கிட்டே நின்னா. கரை உடையலை.

மறுநாள் சனங்க இறங்கி வந்தாங்க. தெருவுல கணுக்கால் தண்ணிகூட இல்லை. "ஒண்ணுமே ஆகலையே, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்"னு சிரிச்சாங்க. மூட்டையைப் பிரிச்சு சோறாக்கித் தின்னாங்க. அவ எங்கே தூங்குவான்னு ஒருத்தரும் கேட்கலை. வந்த வெள்ளம் கண்ணுக்குத் தெரியும் கண்ணு. வராத வெள்ளம் யார் கண்ணுக்குத் தெரியும்?

ம் சொல்லு. தூங்கிட்டியா?

"…ம்."

நாலு நாள் கழிச்சு, அய்யாவு ஒரு கன்னுக்குட்டியைத் தேடி ஓடைப் பக்கம் போனாரு. கொட்டகை இருந்த இடத்துல ஒரு வேப்ப மரம். அதுல வெள்ளம் விட்டுட்டுப் போன சேத்துக்கோடு. எங்கே? அவர் தலைக்கு மேல. அண்ணாந்து பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. ஊர்ப்பக்கம் திரும்பி, கூரை கூரையாப் பார்த்தாரு. அப்புறம் மெதுவாக் கரை ஏறி, பாவாயியோட ஓலைக்கு முன்னாடி வந்து நின்னாரு.

"ஓடைச் சேத்தை வருசா வருசம் வாரணுமா பாவாயி?"

"ஆமாண்ணே."

"தனியாவா வாருவே?"

அவளை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அய்யாவு துண்டை உதறிப் போட்டு அந்த ஈர மண்ணுலயே உக்காந்துட்டாரு. அவளும் உக்காந்தா. ரெண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அவ்வளவுதான் கதை. தண்ணி ஆத்துக்குப் போச்சு, நீ தூக்கத்துக்குப் போ.