மதிலில் கசிந்த நீலம்

பாலைவன மணலுக்கு நடுவே, ஓர் ஊரே உள்ளே குடியிருந்த பழைய கோட்டை அது. அதன் மதிலில் ஈரம் ஊறி, விரிசல் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தது.

கோட்டை அதிகாரி பக்தாவர் சிங், சாயக்காரி ஜம்குவைக் கூப்பிட்டு உறுமினார். "உன் சாயத்தொட்டித் தண்ணீர்தான் மதிலைத் தின்கிறது! இல்லையென்று மூன்று நாளில் காட்டு. இல்லாவிட்டால் பிள்ளைகளோடு மணலுக்குப் போ!"

வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஜம்கு சாமியை நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஹுஜூர், வீட்டுக்கு ஒரு நிறம் தருகிறேன். அவரவர் கொட்டுகிற தண்ணீரில் கரைக்கட்டும். மதிலில் எந்த நிறம் கசிகிறதென்று பார்ப்போம். எனக்குச் சிவப்பு. தங்கள் குளியல் தொட்டிக்கு உயர்ந்த நீலம்."

"எனக்குமா?"

"தங்களை விட்டால் மரியாதையா, ஹுஜூர்?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. சரியென்றார்.

மூன்று நாளும் ஜம்கு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேண்டிக்கொண்டாள். மூட்டையையும் கட்டிவைத்தாள், பாவம்.

நாலாம் நாள் காலையில் ஊரே மதிலடியில் கூடியது. விரிசலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது நீலம்.

அதிகாரியின் கை வாளைத் தொட்டது.

ஜம்கு தலைகுனிந்தபடி மெல்லக் கேட்டாள்: "ஹுஜூர், மூட்டையை அவிழ்க்கட்டுமா?"

அன்றிலிருந்து ஹுஜூருக்குக் குளிக்க ஒரு சொம்புத் தண்ணீர்தான்.