பத்தில் ஆறு நொடி

யாக்கோபு மேஸ்திரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்த நாளில், அவர் என் காரை ஓட்டினார். பத்து வருடத்தில் அந்த வண்டியின் ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டியவர், அன்றுவரை ஒரு தடவைகூட அதை ஓடுதளத்தில் ஓட்டியதில்லை. அடுத்த வாரம் நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாதம் அங்கேயே இறந்துபோனார். எனக்குத் தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மேஸ்திரி என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இருந்தாலும் எனக்கு அவர்தான் குரு. ஒரு தடவை அதை அவரிடமே சொன்னேன்.

"குருவெல்லாம் கோயில்லயும் சர்ச்சுலயும் இருப்பாங்க. நான் கார்புரேட்டர் கழுவறவனுங்ணா," என்றார்.

என் வண்டி இரண்டு கதவு ஹெரால்டு. மூன்றாவது கையாக வாங்கியது. நான் அப்போது மில்லில் டர்னர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் வண்டிகளோடு கூடுவோம். போர்க் காலத்தில் போட்டு, பிறகு யாரும் தொடாமல் விட்ட விமான ஓடுதளம் அது. நின்ற இடத்திலிருந்து கால் மைல் தூரம். ஒரு தடவைக்கு ஒரு வண்டிதான் போகும். புதர் மண்டியதுபோக அவ்வளவு அகலம்தான் மிச்சம் இருந்தது.

இந்த முனையில் ஒருவர் சிவப்புக் கொடியை இறக்குவார். அந்த முனையில், சுண்ணாம்புக் கோட்டருகே ஸ்டாப் வாட்சோடு நிற்பவர் கொடியைப் பார்த்ததும் அமுக்குவார். வண்டி கோட்டைத் தாண்டியதும் மறுபடி அமுக்குவார். அவரவர் வண்டிக்கு அவரவர் ஆள். எங்களுக்குள் போட்டி கிடையாது. போன மாதம் தான் எடுத்த நேரத்தை இந்த மாதம் முந்த வேண்டும், அவ்வளவுதான். அதனால் வாட்ச் பிடித்தவர் சொன்னதுதான் நேரம். யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

எனக்கு வாட்ச் பிடித்தது என் மனைவி தெய்வானை.

முதல் தடவை இருபத்து மூன்று புள்ளி எட்டு நொடி. பேக்கரி வைத்திருந்த வரதராஜு பியட்டில் வருவார். அவர் வண்டி இருபத்தொன்றில் ஓடும்.

"சென்னியப்பண்ணா கெளம்பறாரா? அப்ப சித்த இருங்க, நான் போய் பன்னை அடுப்புல வெச்சுட்டு வந்தர்றேன்," என்று என்னைக் கிண்டல் செய்வார்.

எனக்கு இருபதுக்குள் வரவேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அப்போதுதான் மேஸ்திரியிடம் போனேன். போன முதல் மாதமே கேட்டேன்.

"மேஸ்திரி, ரெட்டைக் கார்புரேட்டரும் போட்டு, சைலன்சர் குழாயையும் பெருசா மாத்தீரலாமா?"

"மாத்தலாமுங்ணா."

மாற்றினார். நேரம் அரை நொடி குறைந்தது. மறுநாள் சந்தோஷமாக ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

"அரை நொடியக் குடுத்தது எதுங்ணா? கார்புரேட்டரா, குழாயா?"

மேஸ்திரி ஸ்பேனரை எடுத்தார். இரண்டையும் கழற்றினார். கார்புரேட்டரை மட்டும் திரும்ப மாட்டினார். குழாய் மூன்று மாதம் சுவரில் தொங்கியது.

அதற்குப் பிறகு ஒரு சமயத்தில் ஒன்றுதான். சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவினோம். ஃப்ளைவீலை மில் லேத்தில் ஏற்றி நானே எடை குறைத்தேன். பின் ஆக்சிலின் பல் சக்கரங்களை மாற்றினோம். பின்சீட்டைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு மட்டும், "அண்ணி மார்க்கெட்டுக்குப் போனா பையை எங்க வெப்பாங்க?" என்றார். பின்சீட்டு இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நொடியில் பத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று நேரம் இறங்கியது. ஏழாவது வருடம் இருபது புள்ளி நாலு.

அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வருடம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கோட்டருகே நிறுத்துவேன். தெய்வானை தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள்.

"எவ்வளவு?"

"இருபது புள்ளி நாலு. மொதல்ல தண்ணியக் குடிங்க."

"போன மாசமும் அதேதான?"

"அதே காரு, அதே ரோடு, அதே ஆளு. வேற என்னங்க வரும்?"

அந்த இரண்டு வருடத்தில் நாலு தடவை எஞ்சினை இறக்கினேன். ஞாயிறெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்தேன். தாராபுரத்தில் அவள் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்னால் போக முடியவில்லை. எஞ்சின் பாதியில் பிரித்துக் கிடந்தது. அவள் மட்டும் பஸ்சில் போய்வந்தாள். திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் தெரிந்த என் காலிடம், "எல்லாரும் உங்களக் கேட்டாங்க," என்றாள்.

மேஸ்திரியும் சொல்லிப் பார்த்தார்.

"இனி வண்டில ஒண்ணும் இல்லீங்ணா. அது தன்னால முடிஞ்சதப் பண்ணிருச்சு."

நான் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் தெய்வானைக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள். ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

பத்து மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு நாள் மேஸ்திரி சைக்கிளில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். மாட்டினார். ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா கெடந்தா ஆயிலு கெட்டுருமுங்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு நான் ஓடுதளத்துக்குப் போனேன்.

வண்டியில் எதையும் தொடவில்லை. பழைய பிளக், பழைய ஆயில். வரதராஜு தானே வந்து, "வாட்சை என்கிட்டக் குடுங்க," என்றார். ஓட்டினேன். திருப்பிக்கொண்டு வருவதற்குள் அவர் எதிரே ஓடிவந்தார்.

"பத்தொம்போது புள்ளி எட்டு! உள்ள வந்துட்டீங்ணா!"

எல்லோரும் கைதட்டினார்கள். வரதராஜு ஒரு கிரீம் பன்னை என் வாயில் திணித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. பெண்டாட்டியை இழந்தவன் என்று பாவம் பார்த்துக் குறைத்துச் சொல்கிறார்களோ? அன்று புதிதாக ஒரு போட்டோகிராபர் வந்திருந்தார். என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். அவர் கையில் வாட்சைக் கொடுத்து இன்னொரு தடவை ஓட்டினேன்.

"பத்தொன்பது புள்ளி எட்டு சார். நல்ல நேரமா இது?" என்று கேட்டார்.

பத்து வருடம் காத்திருந்த எண் அது. வீட்டுக்கு வந்து குளித்தேன். தெய்வானை படத்துக்கு விளக்கு ஏற்றப் போனவன் தீப்பெட்டியோடு நின்றேன். வண்டி எப்போதோ இருபதுக்குள் வந்துவிட்டது. இவள் ஒவ்வொரு மாதமும் ஆறு பங்கைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, நான் வண்டிக்கு அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

விளக்கு ஏற்றவில்லை. அந்த மாதம் முழுக்க ஏற்றவில்லை.

இதற்கிடையில் மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. நெஞ்சு வலி என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். நான் போனபோது ஒர்க்ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கார்புரேட்டர் ஜெட் ஒன்றைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டில எதையாவது தொட்டீங்களா மேஸ்திரி?"

"சாவி உங்ககிட்டல்லங்ணா இருக்குது."

"அப்ப ஆறு பங்கு எப்படிக் கொறஞ்சுது?"

"வாட்ச் புடிச்ச கை மாறிருச்சு."

"அப்ப அவ என்னை ஏமாத்தியிருக்கறா."

மேஸ்திரி ஜெட்டை வாயில் வைத்து ஊதினார். வெளிச்சத்தில் தூக்கி, ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி அப்பிடிப் பண்ணுனா? நான் இருபதுக்குள்ள வரக்கூடாதுன்னு நெனச்சாளா? கேக்கலாம்னா ஆளு இல்ல."

"வர்ற ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டாங்கண்ணா. நான் ஓட்டறேன். நீங்க வாட்ச் புடிங்க."

"டாக்டர் உங்கள மாடிப்படியே ஏறக்கூடாதுன்னாரே?"

"அங்க மாடிப்படி இல்லீங்களே."

ஞாயிறு காலை அவரை அழைத்துவரப் போனபோது அவர் மனைவி வாசலில் நின்றார். மேஸ்திரியின் சட்டைப் பையில் மாத்திரையை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "பாத்துக்கங்கண்ணா," என்றார்.

பத்து வருடத்தில் என் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டுவதை நான் வெளியே நின்று பார்த்ததே இல்லை. கோட்டைக் கடக்கும்போதெல்லாம் நான் வண்டிக்குள் இருந்தேன். மேஸ்திரி சொல்லியிருந்ததால் வரதராஜுவும் தன் வாட்சோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

கோட்டுக்கு அப்பால் இருபது இருபத்திரண்டு காலடி தூரத்தில் கான்கிரீட் பிளந்திருந்தது. பிளவின் அந்தப் பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி நின்றது. ஓட்டுகிறபோது அது எனக்கு ஒரு சின்னக் குலுக்கல். வேகத்தில் நான் அதைக் கவனித்ததுகூட இல்லை.

தூரத்தில் கொடி இறங்கியது. அமுக்கினேன்.

முதலில் புகை தெரிந்தது. பிறகு வண்டி நகர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது தடுமாறினார். மூன்றாம் கியர் சரியாக விழுந்தது. நம்பர் பிளேட் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஹெல்மெட் தெரிந்தது. என் ஹெல்மெட், அவருக்குப் பெரியது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எட்டிப் பார்க்கிறாரா, சாய்ந்துவிட்டாரா என்று தெரியவில்லை.

வண்டி எங்களைக் கடந்தது. பிளவில் ஏறியது. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பின்பக்கம் ஒரு முழம் இடப்புறம் போய் இறங்கி, அசைந்து, நேரானது.

அப்போதுதான் என் கையில் வாட்ச் இருப்பது ஞாபகம் வந்தது. அமுக்கினேன்.

"இருபது புள்ளி ரெண்டு," என்றார் வரதராஜு. "உங்களுது?"

காட்டினேன். இருபது புள்ளி ஒன்பது.

"என்னங்ணா, நின்னுட்டே தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வண்டி தள்ளிப் போய் நின்றிருந்தது. ஓடினேன். மேஸ்திரி கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை இருந்த பையைத் தொட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"எவ்வளவுங்ணா?"

"வரதராஜு வாட்சுல இருபது புள்ளி ரெண்டு."

"உங்க வாட்சுல?"

"இருபது புள்ளி ஒம்போது."

"கோட்டுல அமுத்தலீங்களா?"

"கோட்டப் பாக்கல மேஸ்திரி."

அவர் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏழு பங்கு," என்றார். "அண்ணி ஆறுலயே அமுத்திருவாங்களேங்ணா."

வண்டியைச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

ஓடுதளத்தில் இப்போது காற்றாலை இறக்கைகளைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு மழையில் போய்விட்டது. பிளவு இருக்கிறது.