உள்ளான் அலையின் பின்னால் ஓடுவது ஏன்?

அந்தக் காலத்தில் கடலுக்கும் வாய் உண்டு, பறவைகளுக்கும் பேச்சு உண்டு. இரட்டை நாக்கு மட்டும் அப்போதும் மனிதர்களுக்குத்தான் இருந்தது.

கடலோரக் குப்பம் ஒன்றில் முத்திருளாயி என்று ஒருத்தி இருந்தாள். பறவை பார்ப்பது அவள் வேலை. விடிந்ததும் கரையோடு நடந்து போவாள். ஆலாப் பறவைகள் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா, மேட்டு மணலுக்கு ஏறிவிட்டனவா, எந்தப் பக்கம் அலகை வைத்திருக்கின்றன என்று பார்ப்பாள். அவற்றிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வந்து கம்பத்தில் வெள்ளைத் துணி கட்டுவாள். துணி பறந்தால் கட்டுமரங்கள் கடலில் இறங்கும். பறக்காவிட்டால் ராசாவே வந்து சொன்னாலும் ஒருவனும் இறங்கமாட்டான்.

இந்த உதவிக்கு ஆலாக்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மணல் திட்டில் அவை முட்டையிடும் மாதத்தில் அங்கே மனிதக் கால் படக்கூடாது.

ஒரு வருஷம் கடலில் மீனே இல்லை. வலை போனபடியே திரும்பி வந்தது. முத்திருளாயியின் புருஷன் வில்லாயுதம் பசியில் சுருண்டு கிடந்தான். ஏழு வருஷத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவன். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். ஆலாக்களுக்கு அவள் கொடுத்த வாக்கும் சேர்ந்து பறந்தது. காலையில் பறவைகள் இரைக்குப் போன நேரம் பார்த்துத் திட்டுக்குப் போய் ஒரு மடி முட்டை அள்ளி வந்தாள். அவித்துக் கொடுத்தபோது ஏது என்று கேட்டான். ஆமை முட்டை என்றாள். அவளுக்குப் பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவன் சாப்பிட்டான்.

பிற்பகலில் தாய் ஆலா ஒன்று அவளிடம் வந்தது.

“தாயி, என் குழி வெறுங்குழியாக் கெடக்கு. நீ கரையையே பாத்துக்கிட்டு இருக்கிறவ. யாரு எடுத்தான்னு சொல்லு.”

“நண்டுதான். என் கண்ணால பாத்தேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பொழுது சாய்வதற்குள் திட்டில் இருந்த நண்டுகளையெல்லாம் ஆலாக்கள் கொத்திக் கிழித்துப் போட்டன. ஒரு நண்டின் வயிற்றிலும் மஞ்சள் கரு இல்லை. பறவைகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கூட்டத்தோடு எழுந்து போய்விட்டன.

மறுநாள் விடியலில் கரையில் ஒரு இறகுகூட இல்லை. வானம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் முத்திருளாயி பறவையைப் பார்த்துப் பழகியவள், வானத்தைப் படிக்கத் தெரியாது. பறவைகள் போய்விட்டன என்றால் ஏன் போயின என்று கேட்பார்கள். அப்புறம் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது? பாவி மகள், அந்த ஒரு வெட்கத்துக்காகத் துணியைக் கட்டினாள்.

வில்லாயுதம் துடுப்போடு வந்து நின்றான். “பறவை என்ன புள்ள சொல்லுது?”

“நல்லாத்தான் சொல்லுது. போயிட்டு வாங்க.”

பதினோரு கட்டுமரங்கள் போயின. மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. ஒன்றும் கரை சேரவில்லை.

மூன்று நாள் பெண்கள் மணலில் புரண்டு அழுதார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். முத்திருளாயி மட்டும் போகவில்லை. செய்ததையெல்லாம் கடலிடம் சொன்னாள். என் புருஷன் உயிரைக் கேட்க எனக்கு வாய் இல்லை, உடம்பையாவது கொடு என்று கெஞ்சினாள்.

கடல் பேசியது. “முழுசாக என்னிடம் இல்லை. அலைக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து மணலில் வைக்கிறேன். அடுத்த அலை வருமுன் தேடி எடுத்துக்கொள்.”

அவள் ஓடினாள். அலை வடிந்ததும் ஓடித் தோண்டுவாள். கையில் ஏதோ தட்டுப்படும்போது அடுத்த அலை வந்துவிடும். சோறு தண்ணீர் இல்லாமல் உடம்பு ஒரு கைப்பிடி ஆயிற்று. கால்கள் குச்சியாயின. நரைத்த முடி இறகாயிற்று, வாய் நீண்டு அலகாயிற்று. கடல் சொன்ன சொல் தவறவில்லை. அவளுக்குத்தான் நேரம் போதவில்லை.

அன்று முதல்தான் உள்ளான் குருவி வடியும் அலையின் பின்னாலேயே ஓடி, ஈர மணலைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, அடுத்த அலைக்கு முன்னால் வெறும் அலகோடு திரும்பி ஓடி வருகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அது புழு தேடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டி, நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.