பேராசிரியர் சமைத்த கினோவா

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். முப்பது பேர் தங்கியிருந்தார்கள். அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்திரண்டு. எல்லோருக்கும் அவர் அரசியம்மா. உபதேசம் என்று தனியாக எதுவும் செய்யமாட்டார். யார் என்ன கேட்டு வந்தாலும் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஒருநாள் கோவையிலிருந்து கோதண்டபாணி வந்தார். சத்துணவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. பையைக் கீழே வைத்ததும் கேட்டார்.

"அம்மா, முப்பது வருஷமா ஜனங்களுக்கு எது நல்லதுன்னு எழுதிக் கொடுத்துட்டு இருக்கேன். தலையாட்டி வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தர்கூடக் கேக்கிறதில்லை. நல்லதுன்னு தெரிஞ்சும் மனுஷன் ஏன் ஏத்துக்க மாட்டேங்கிறான்?"

அரசியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சமைக்கத் தெரியுமா?"

"சமையலைப் பத்திப் பாடம் நடத்தியிருக்கேன்."

"அப்ப வாங்க," என்று உள்ளே அழைத்துப் போனார்.

ஆசிரமத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் முனிரத்தினம். எழுபது வயது. முன்பு லாரி ஓட்டியவர். அவருக்குச் சர்க்கரை ஏறி, இடது கால் கட்டைவிரலில் புண் வந்து ஆறாமல் நின்றது. மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார் திருப்பத்தூர் டாக்டர். மூன்று வாரம் பார்ப்போம், ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். முனிரத்தினமோ மாத்திரையையும் மறந்தார், சோற்றையும் குறைக்கவில்லை.

அந்த வாரம்தான் பெங்களூரிலிருந்து வந்த பக்தர் ஒருவர் ஒரு மூட்டை கினோவா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடுகைவிடச் சற்றே பெரிய, வெளிர் மஞ்சள் மணிகள். அதை என்ன செய்வதென்று சமையல்கட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கோதண்டபாணிக்கு முகம் மலர்ந்தது.

"அம்மா, இது அருமையான தானியம்! புரதம் இருக்கு, நார்ச்சத்து இருக்கு. அரிசிக்குப் பதிலா இதைக் கொடுக்கலாம்."

"நல்லது. முனிரத்தினம் இனி உங்க பொறுப்பு," என்றார் அரசியம்மா.

பேராசிரியர் தராசில் நிறுத்து, தண்ணீரை அளந்து, உப்பை எண்ணிப் போடாத குறையாகப் போட்டு வேகவைத்தார். தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முனிரத்தினம் விரலால் கிளறிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? கோழிக்குப் போடுற குருணையா?"

"கினோவா. ஒன்பது வகை அமினோ அமிலமும் இதுல இருக்கு."

ஒரு வாய் போட்டார். முகம் கோணியது.

"ஒன்பதும் கசப்புதான் போல."

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, எழுந்து போய்ப் பெரிய அண்டாவிலிருந்து இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

பேராசிரியர் சமையல்கட்டுக்குத் திரும்பினார். அரசியம்மா ஒரு படி கினோவாவை அகலமான பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் தேய்த்தார். சோப்புப் போட்டது போல நுரை பொங்கியது. கொட்டினார். மறுபடி தண்ணீர், மறுபடி நுரை. நான்காம் முறைதான் தண்ணீர் தெளிந்தது.

"அட, சாபோனின்!" என்று பேராசிரியர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "மேல்தோல்ல இருக்கும். அதுதான் கசப்பு. வருஷா வருஷம் பாடத்துல சொல்லியிருக்கேனே!"

"இனிமே கைக்கும் தெரியட்டும்," என்று அரசியம்மா பாத்திரத்தை அவரிடம் நகர்த்தினார்.

மறுநாள் பேராசிரியர் நன்றாகக் கழுவினார். கசப்புப் போயிற்று. ஆனால் வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டார். கேரட்டும் பீன்ஸும் சேர்த்தார். எண்ணெய் கிடையாது. தாளிதம் கிடையாது. காரம் மருந்துக்கும் இல்லை. எல்லாம் சேர்ந்து கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் நின்றது.

முனிரத்தினம் கரண்டியைத் தூக்கிப் பிடித்தார். அது சொத்தென்று விழுந்தது.

"சார், எனக்குக் கால்லதான் புண்ணு. பல்லு நல்லாத்தான் கீது."

"உங்க விரல் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"போனாப் போகட்டும் சார். கியர் போடறது கைதானே?"

தட்டோடு தோட்டத்துக்குப் போய் மைனாக்களுக்கு வைத்தார். அவை சுற்றிச் சுற்றி நடந்தன. ஒன்றுகூடக் கொத்தவில்லை.

பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக அரசியம்மாவிடம் போனார்.

"பிடிவாதக்காரர் அம்மா. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன். அவருக்கே அக்கறை இல்லை. நான் என்ன செய்ய?"

"மத்தியானம் ஆச்சு. சாப்பிட உட்காருங்க," என்றார் அரசியம்மா.

இலை போட்டார். பானையில் மிச்சமிருந்த கினோவாவை மொத்தமாக வழித்து அதில் வைத்தார். பேராசிரியர் இலையைப் பார்த்தார். அரசியம்மாவைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லை அம்மா. படிச்சிருக்கேன்."

ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாம் வாய் சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கை இலையிலேயே நின்றது.

"அம்மா, ஊறுகாய் இருக்குமா?"

"ஊறுகாயில உப்பு ஜாஸ்தி ஐயா. ரத்த அழுத்தத்துக்கு ஆகாது."

பக்கத்துப் பந்தியில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகும் அவர் மட்டும் மென்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரமாயிற்று. கடைசி மணியையும் வழித்து வாயில் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

"இப்ப என்ன செய்யட்டும்?"

அரசியம்மா ஒரு கூடை அவரைக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முனிரத்தினத்தோட உட்கார்ந்து இதை நார் உரிச்சுக் கொண்டுவாங்க. சத்துன்னு ஒரு வார்த்தை மட்டும் பேச வேண்டாம்."

வேலியோரப் புங்க மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் பேசப் பேராசிரியருக்கு ஒன்றும் அகப்படவில்லை. கால் கூடை உரித்த பிறகு கேட்டார்.

"லாரியில எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

முனிரத்தினத்துக்கு மடை திறந்தது. பம்பாய், நாக்பூர், கல்கத்தா. மழையில் பாலம் உடைந்து இரண்டு நாள் நின்றது. பஞ்சாப்காரன் ஒருவன் டயர் கொடுத்து உதவியது.

"வழியில சாப்பாடு?"

"ஓட்டல் சாப்பாடு எனக்கு ஆவாது சார். வூட்டுல புளியோதரை கட்டிக் குடுப்பா. மூணு நாள் ஆனாலும் கெடாது. வண்டியை ஓரங்கட்டிட்டு, டப்பாவைத் திறந்தா எள்ளு வாசனை வரும் பாருங்க, கிளீனர் பையன் தூக்கத்துல இருந்து எழுந்திடுவான்."

"வெந்தயம் போடுவாங்களா?"

முனிரத்தினம் உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"போடுவா. வறுத்துப் பொடி பண்ணி. கொஞ்சூண்டு."

சற்று நேரம் கழித்து முனிரத்தினம் கேட்டார்.

"உங்க வூட்டம்மாவுக்கு எது சார் பிடிக்கும்?"

"சரஸ்வதிக்கா? அவளுக்கும் சர்க்கரைதான். காலையில இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு மோர், மத்தியானம் ஒரு கப் சோறு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே அளவு எழுதிக் கொடுத்துட்டேன்."

"அளவு கேக்கல சார். பிடிச்சது கேட்டேன்."

பேராசிரியர் யோசித்தார். ஒரு காயை உரித்தார். இன்னொன்றை உரித்தார். பிறகு நாரைக் கூடையிலும் காயைக் குப்பையிலும் போட்டார். முனிரத்தினம் குனிந்து காயைப் பொறுக்கித் துடைத்துக் கூடையில் போட்டார்.

மறுநாள் காலை பேராசிரியர் சீக்கிரமே அடுப்பு மூட்டினார். நுரை அடங்கும்வரை கினோவாவைக் கழுவித் துணியில் வடித்தார். இரும்புச் சட்டியில் வெறுமனே வறுத்தார். ஈரம் போய் மணிகள் படபடவென்று துள்ளின. முந்திரி வறுத்தாற்போல் ஒரு மணம் எழுந்தது. ஒரு படிக்கு இரண்டு படிக்கும் சற்றுக் குறைவாகவே தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வைத்தார். இறக்கிய பிறகு மூடியைத் திறக்கக் கை பரபரத்தது. அரசியம்மா அந்தப் பக்கம் போகிறவர், "அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். பேராசிரியர் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திறந்தபோது ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மலர்ந்து, வெள்ளையாக ஒரு சுருள் வால் விட்டிருந்தது. தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி ஆறவிட்டார்.

புளிக்காய்ச்சல் கொதிக்கத் தொடங்கியதும் வாசலில் நிழல் விழுந்தது. முனிரத்தினம் காலை விந்தி விந்தி வந்து நின்றார்.

"எள்ளு வறுத்தாச்சா?"

"இப்பத்தான் போடப் போறேன்."

"கருக விடாதீங்க சார். பொரியற சத்தம் கேட்டதும் இறக்கிடணும். வேர்க்கடலையை முதல்லயே போடாதீங்க, நமுத்துப் போவும். நகருங்க, நான் பாக்கறேன்."

இரண்டு பேரும் ஒரே கரண்டிக்கு அடித்துக்கொண்டார்கள். பெருங்காயம் போதுமா போதாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தட்டில் ஒரு கரண்டி கினோவா புளியோதரை, இரண்டு கரண்டி அவரைக்காய்ப் பொரியல், ஒரு டம்ளர் மோர். அந்த அளவு மட்டும் பேராசிரியருடையது. முனிரத்தினம் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெதுவாக மென்றார். பேராசிரியர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு இல்ல இது," என்றார் முனிரத்தினம்.

பேராசிரியரின் முகம் தொங்கியது.

"ஆனா புளியோதரை."

தட்டு காலியாயிற்று. கைகழுவப் போகுமுன், "மாத்திரையை எங்கயோ வெச்சேனே," என்று சட்டைப் பையைத் தடவினார்.

அதன் பிறகு இருவரும் சேர்ந்தே சமைத்தார்கள். ஒருநாள் பாசிப்பருப்பும் மிளகும் சேர்த்துப் பொங்கல். ஒருநாள் கினோவாவை ஊறவைத்துத் துவரம்பருப்போடு அரைத்து முருங்கைக்கீரை போட்டு அடை. சுவை முனிரத்தினத்தின் பொறுப்பு, அளவு பேராசிரியரின் பொறுப்பு. மற்றவர்களும் ஒரு வாய் கேட்டு வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண் ஓரமெல்லாம் காய்ந்து தோல் கூடியிருந்தது. விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார். ஆசிரமத்துக்குத் திரும்பிய முனிரத்தினம் வேனிலிருந்து இறங்காமலே அந்தக் காலை ஜன்னல் வழியாக நீட்டி எல்லோருக்கும் காட்டினார்.

பேராசிரியர் கிளம்பும் நாள் வந்தது. பையில் துணிகளோடு இரண்டு கிலோ கினோவாவும் இருந்தது. அரசியம்மாவிடம் விடைபெறப் போனார். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் கேட்ட கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலை."

"அப்படியா?"

"பரவாயில்லை, எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்று உற்சாகமாகச் சொன்னார் பேராசிரியர். "பதினோரு வருஷமா சரஸ்வதியை அளவாலேயே படுத்திட்டேன். ஊருக்குப் போன உடனே முதல் வேலை, அவளை உட்காரவெச்சு, நானே கினோவா புளியோதரை செஞ்சு போடப் போறேன். எள்ளு வறுத்து, வெந்தயம் பொடி பண்ணி. சாப்பிடுவாதானே அம்மா?"

அரசியம்மா கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"புளியோதரை முனிரத்தினத்துக்குப் பிடிச்சது, ஐயா."