நாற்பத்தெட்டுக் கால்கள்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள்.

போட்டது தலைவரின் வலது கையான நரி. வேலியில் ஒரு பலகை தொங்கியது. 'பொதுநலன் கருதி மூடப்பட்டுள்ளது. அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும் வரலாம்.' சீட்டு கொடுப்பதும் நரிதான். போன தேர்தலில் தலைவர் சிறுத்தைக்கு ஓட்டுப் போடாதவர்களுக்குச் சீட்டு கிடையாது.

சிறுத்தைக்கு வேலி போட்டது தெரியும். சீட்டு விவகாரம் தெரியாது. கேட்கவும் இல்லை. யாராவது புகழ்ந்தால் போதும், அது வேறு எதையும் கேட்காது.

அந்தக் காட்டில் யாரும் யாரையும் தின்பதில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

சீட்டு இல்லாதவர்களில் ஒரு பெண்மான் இருந்தது. பிறந்து சில நாளே ஆன குட்டி அதற்கு. தண்ணீருக்குக் கரட்டுக் குன்றைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் கூர்க்கல், நெருஞ்சி முள். தாய் போய்க் குடித்துவிட்டு வந்தால்தான் குட்டிக்குப் பால். ஒரு நாளைக்கு இரண்டு நடை.

காட்டின் ஓரத்தில் ஒரு கூரைக் கோயில். குருவானவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, மணியடிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் உபதேசியார்தான். உபதேசியார் ஒரு கழுதை. அதற்கு ஒரே குணம். நின்ற இடத்தை விட்டு நகராது.

தேர்தல் நெருங்கியது. நரி கோயிலுக்கு வந்தது.

"உபதேசியாரே! பெரிய வியாழன் வருதில்ல? பன்னிரண்டு சீடர் காலை ஆண்டவர் கழுவினார்னு நீங்களும் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவீங்களே. இந்தத் தடவை நம்ம தலைவர் கழுவுறார்."

"எதுக்கு?"

"பணிவுங்க, பணிவு!"

"இத்தனை நாளா அது எங்க போயிருந்துச்சு?"

நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. "நக்கலா? சரி, விடுங்க. கூரையை எடுத்துட்டு ஓடு போட்டுத் தர்றோம். வேண்டாம்னா, இந்த இடம் புறம்போக்குன்னு ஒரு பேச்சு இருக்கு."

"ஓடு வேண்டாம். இடம் வேணும்னா எடுத்துக்கோ. மரத்தடியிலயும் செபம் சொல்லலாம். போ."

நரி முணுமுணுத்துக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் மான் நொண்டிக்கொண்டு வந்தது.

"தோத்திரம் உபதேசியாரே. சொல்லிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். பால் வத்திப்போச்சு. வேற காட்டுக்குப் போறோம்."

"குட்டி நடக்குமா?"

"நடக்காது."

"அப்புறம்?"

கழுதை மானின் கால்களைப் பார்த்தது. நாலு குளம்பும் பிளந்து ரத்தம் கட்டியிருந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் தாக்குப்பிடி" என்றது கழுதை. எழுந்து நேரே நரியின் வீட்டுக்குப் போனது.

"உங்க தலைவர் கழுவட்டும்."

"பார்த்தீங்களா! புறம்போக்குன்னதும் புத்தி வந்துடுச்சு."

"ரெண்டு நிபந்தனை. பன்னிரண்டு பேரையும் நான்தான் கூப்பிடுவேன். தலைவர் ஆரம்பிச்சா முடியுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?" நரிக்கு ஒரே குஷி.

நரி ஏன் அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது? வருஷா வருஷம் அது பார்த்திருக்கிறது. காலைக் கழுவிக்கொள்ள வருகிறவர்கள் வீட்டிலேயே காலைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, பளபளவென்று வந்து உட்காருவார்கள். கழுவுகிறவர் நாலு சொட்டு விட்டுத் துண்டால் ஒற்றினால் போதும். ஒரு குடம் தண்ணீரில் பாதி மிச்சமாகும்.

கழுதை பன்னிரண்டு வீட்டுக்கும் போனது. எல்லாம் சீட்டு இல்லாத வீடுகள். "இந்த வருஷம் யாரும் காலைக் கழுவிட்டு வராதீங்க" என்றது.

"ஐயையோ, அசிங்கமா இருக்குமே உபதேசியாரே!" என்றது காட்டுப்பன்றி.

"அசிங்கமா இருந்தாத்தான்யா கழுவணும்."

வியாழக்கிழமை சாயங்காலம். கோயில் நிறையக் கூட்டம். ஊர் ஊராகச் செய்தி சொல்லும் காக்கைகளை நரி வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தது. சிறுத்தை இடுப்பில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு முழந்தாளிட்டது. "ஆகா! என்ன பணிவு!" என்றது நரி. காக்கைகள் கரைந்தன.

முதல் ஆள் மான்.

சிறுத்தை நாலு சொட்டு விட்டது. சேறு அசையவில்லை. ஒரு குவளை ஊற்றித் தேய்த்தது. சேறு போய் ரத்தம் வந்தது. தாம்பாளம் சிவந்தது. மறுபடி ஊற்றியது. நாலு கால் முடிந்தபோது குடம் காலி.

"தண்ணி" என்றது சிறுத்தை.

"தீர்ந்துடுச்சு" என்றது கழுதை.

"வேற குடம்?"

"கோயிலுக்கு ஒரு குடம்தான். அதுவும் நேத்து ஆத்துல இருந்து நான் முதுகுல சுமந்துட்டு வந்தது."

"ஆத்துல இருந்தா? குளம் பக்கத்துலதானே இருக்கு?"

கழுதை மானைப் பார்த்தது. மான்தான் மெதுவாகச் சொன்னது. "எங்களுக்குச் சீட்டு இல்லீங்க, தலைவரே."

"என்ன சீட்டு?"

நரி ஓடிவந்து சிறுத்தையின் காதில் கிசுகிசுத்தது. கிசுகிசுப்பு எல்லோருக்கும் கேட்டது. "தலைவரே, ஒரு ஆள் போதும். காக்கைங்க பார்த்துடுச்சு. தாம்பாளத்துல இருக்கிற தண்ணியில கையைக் கழுவிட்டு எந்திரிங்க."

அப்போதுதான் கழுதை பேசியது.

"கழுவலாம். அப்படிக் கையைக் கழுவின அதிகாரி ஒருத்தர் ஏற்கெனவே இருக்கார். குற்றமில்லாத ஆண்டவரைச் சாகக் கொடுத்துட்டு, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு தாம்பாளத்துல கையைக் கழுவினார். போஞ்சு பிலாத்து. வாரா வாரம் இந்தக் கோயில்ல செபம் சொல்லும்போது அவர் பேரையும் சொல்றோம். எதுக்குச் சொல்றோம்னு இங்க இருக்கிற குஞ்சு குளுவானுக்கெல்லாம் தெரியும். தாம்பாளம் உங்க முன்னாலதான் இருக்கு, தலைவரே. கையா, காலா? நீங்களே சொல்லுங்க."

நரி குறுக்கே வந்தது. "உபதேசியாரே, கோயில்ல அரசியல் பேசாதீங்க!"

"நானா கூட்டிட்டு வந்தேன்?" என்றது கழுதை.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். காட்டுப்பன்றியாகத்தான் இருக்கும்.

சிறுத்தை சிரிக்கவில்லை. மானின் குளம்பு இன்னும் அதன் கையில் இருந்தது. பிளவுக்குள் ஒரு முள் கறுப்பாகத் தெரிந்தது. அது குனிந்து பல்லால் முள்ளைப் பிடுங்கியது. மான் உதறவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை நடை?" என்று கேட்டது சிறுத்தை.

"ரெண்டுங்க. குட்டிக்குப் பால் வேணுமில்ல."

சிறுத்தை சிவந்த தாம்பாளத்தைப் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது.

"வேலியைப் பிரி."

"தலைவரே... இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு சொல்லிடலாமா?"

"இன்னும் நாற்பத்துநாலு கால் பாக்கி இருக்கு. அத்தனையிலயும் இப்படித்தான் முள் இருக்கும்போல. ஒரு நாள்ல ஏறின முள்ளா இது? பிரி. பலகையையும் கழட்டு. சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடு."

நரி திரும்பிப் பார்த்தது. முன்வரிசை காலி. காக்கைகள் செய்தியோடு பறந்துவிட்டன. நல்ல செய்தியை அவ்வளவு வேகமாக அவை கொண்டுபோனது அன்றுதான். இனி மாற்றிச் சொல்ல வழியில்லை.

நரி போய் வேலியைப் பிரித்தது. கை பூராவும் முள். கழுதை குளத்துக்கும் கோயிலுக்குமாகக் குடம் சுமந்தது. சிறுத்தை எழுந்திருக்கவில்லை. முழங்கால் கடுத்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. காட்டுப்பன்றி தன் நாலு காலையும் சந்தோஷமாக நீட்டியது. அதன் சேறு மட்டும் மூன்று குடம் குடித்தது. நாற்பத்தெட்டாவது காலைத் துடைத்துவிட்டுத்தான் சிறுத்தை எழுந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். எல்லாத் தலைவரும் அத்தனை நேரம் குனிந்திருக்க மாட்டார்கள்.

எழுந்ததும் கழுதையிடம் வந்தது. "முதல்லயே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே, உபதேசியாரே."

"சொல்லியிருந்தா நரியைக் கூப்பிட்டு, என்னப்பா இதுன்னு கேட்டிருப்பீங்க. அது உங்களை ரெண்டு வார்த்தை புகழ்ந்திருக்கும், அதோட முடிஞ்சிருக்கும்."

சிறுத்தை தலையாட்டியது. உண்மைதானே.

தேர்தலில் அது ஜெயித்ததா? எனக்குத் தெரியாது. கழுதையைக் கேட்டாலும் தெரியாது. அது அன்று குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மான்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனது. தாயும் குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தாய் தண்ணீரில் வாய் வைத்தது. வயிறு நிறையக் குடித்தது.

நீதி: பிறர் காலைக் கழுவக் குனிகிறவர், அந்தக் காலில் முள் ஏறிய வழியையும் சரிசெய்ய வேண்டும்.