எண்ணத் தெரிந்த காற்று

பல வருஷம் நிருபராக அலைந்த ஜெபசெல்வி, சர்க்கரை ஆலை ஒன்றில் செய்தித் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்த மாதமே பழைய கிடங்கு இடிந்து விழுந்தது. உள்ளே ஆளே இல்லை என்று ஆலை அறிவித்தது. மறுநாள், இடிபாட்டிலிருந்து நீண்டிருந்த இரும்புக் குழாயில் உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். பேய் என்று பயந்து தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள்.

நிர்வாக இயக்குநர் கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டார். “குழாய்க்குள்ள காத்து அடிக்குது, அவ்வளவுதான். அப்படியே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பும்மா. ஒருத்தனும் சந்தேகப்படக் கூடாது.”

“எழுதிடறேன் சார். ஆனா அந்தச் சத்தத்தைப் பக்கத்துல போய்க் கேட்டது யாருன்னுதான் நிருபர்கள் முதல்ல கேப்பாங்க. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். உங்க பேரைப் போடணும்னா நீங்க ஒரு தடவை வந்து கேட்டுடுங்க.”

வேறு வழியில்லாமல் வந்தார். தொழிலாளிகள் தூர நின்று பார்த்தார்கள். ஜெபசெல்வி ஒரு கல்லை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டினாள். சற்றுப் பொறுத்து உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது. ஐந்து தட்டினாள். ஐந்து வந்தது.

“இந்தக் காத்துக்கு எண்ணத் தெரியுது சார். இதையும் உங்க பேர்லயே எழுதட்டுமா?”

தொழிலாளிகள் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி மாடசாமியை உயிரோடு தூக்கிவிட்டார்கள்.

“நல்லவேளை, தட்டிக்கிட்டே இருந்தீங்கண்ணே,” என்றாள் ஜெபசெல்வி.

“நானா? ரெண்டு கையும் கல்லுக்கடியில மாட்டியிருந்துச்சேம்மா. யாரு தட்டுறாங்கன்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

இடிபாடு முழுவதையும் அள்ளிப் பார்த்தார்கள். உள்ளே வேறு யாரும் இல்லை.