தட்டுல ரெண்டு மாத்திரை

பாறைப்பட்டி மடத்துல ஒரு வழக்கம். டாக்டரு புதுசா எந்த மாத்திரை குடுத்தாலும், மொதத் தடவை முழுங்கறதுக்கு முன்னாடி கொண்டாந்து சாமி தட்டுல வெப்பாங்க. சாமி ஒரு சிட்டிகை திருநீறு போட்டுக் குடுக்கும். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, புள்ளைங்களோட பூச்சி மாத்திரை கூட அந்தத் தட்டுக்கு வந்துதான் வயித்துக்குப் போகும்.

சாமின்னா தாடி நரைச்ச சாமி இல்ல. நாப்பது வயசு. மூக்குல தடிக் கண்ணாடி, அதனால பேரே கண்ணாடி சாமி. சிஷ்யருங்க எல்லாம் அவருக்கு மூத்தவங்க.

அன்னிக்குச் சாயங்காலம் வாழைக்கா மண்டி வீரணன் வேகு வேகுன்னு படி ஏறி வந்தாரு. அம்பத்தாறு வயசு, பழைய சிஷ்யன். புதுச் சட்டை, புது வேட்டி. அவரு வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடியே அவரு போட்ட சென்ட் உள்ள வந்து சாமிய கும்பிட்டுருச்சு.

"என்ன மொதலாளி, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

"சும்மா இருங்க சாமி. தவமணி வர்றா. மக பிரசவத்துக்குன்னு கரூர் போனவ, அஞ்சு மாசங் கழிச்சு இன்னிக்குத்தான் வர்றா. பஸ் ஏறிட்டா. சீக்கிரம் திருநீறு போடுங்க."

சட்டைப் பையில இருந்து ரெண்டு எடுத்துத் தட்டுல வெச்சாரு. ஒன்னு சின்னக் குப்பி. இன்னொன்னு தகடுல ஒத்த மாத்திரை.

சாமி குப்பியத் தொட்டுச்சு. "இது தெரியும். நெஞ்சு புடிச்சா நாக்குக்கு அடியில வெக்கிறது. ஏற்கெனவே திருநீறு வாங்கினது. இது?"

"தலவலிக்கு."

சாமி தகடை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுது. "தலவலி மாத்திரைய இப்படிச் சிங்காரிச்சு விட்டது யாரு?"

"காச்சலுக்கும் கேக்குமாம்."

"மொதலாளி."

"வந்து... ஆம்பளைங்களுக்கு... ஐயோ, நீங்க சந்நியாசி. உங்ககிட்ட எப்படிச் சாமி சொல்றது?"

"நான் சந்நியாசிதான். செவிடு இல்ல. சொல்லுங்க."

வீரணன் இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, தூணைப் பாத்துச் சொன்னாரு. "வீட்டுக்காரிகூட இருக்கறப்ப... முன்ன மாதிரி முடியல சாமி. லாரி ஆபீஸ் காசிமாயன்தான் குடுத்தான். அவன் போடறானாம். குதிரையாட்டம் இருக்கானாம்."

"காசிமாயனா? அந்தக் குதிரை போன வாரம் மடத்துப் படி ஏற முடியாம நடுவுல உக்காந்து மோர் கேட்டுச்சே."

"கேலி பண்ணாதீங்க சாமி."

"சரி. நெஞ்சுல கோளாறு இருக்கே, அதை யோசிச்சீங்களா?"

வீரணனுக்கு மூஞ்சி மலந்துருச்சு. இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி முன்னால நகந்து உக்காந்தாரு.

"யோசிக்காம இருப்பேனா? அதுக்குத்தான் ரெண்டையும் கொண்டாந்தேன்! சோறு தின்னுட்டு இதைப் போடுவேன். நெஞ்சு படபடன்னு அடிச்சா என்ன பண்றது? அதுக்குக் காவலா அதையும் நாக்குக்கு அடியில வெச்சுக்குவேன். முன்னால குதிரை, பின்னால காவக்காரன். எப்படி சாமி?"

சாமி மூஞ்சியில இருந்த சிரிப்பு போயிருச்சு.

"மேல போயி குளிச்சிட்டு வாங்க."

"இப்பத்தான குளிச்சேன்!"

"சென்ட் கண்ணைக் கரிக்குது. மாடியில குழாய் இருக்கு. நல்லா சோப்புப் போடுங்க."

குரு சொன்னா மறுபேச்சு இல்ல. வீரணன் புதுச் சட்டைய மடிச்சு வெச்சுட்டு, மடத்துத் துண்டைக் கட்டிக்கிட்டு மாடிக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல மேல தண்ணிச் சத்தம். பாட்டுச் சத்தம் வேற.

சாமி எந்திரிச்சுப் போயி தோட்டத்துக் குழாயத் திறந்து விட்டுச்சு.

பாட்டு கொஞ்சம் சுதி இறங்குச்சு. "சாமி, தண்ணி குறையுது!"

"வருதுல்ல? குளிங்க."

அப்புறம் மாட்டுக் கொட்டாய்க்குப் போயி அந்தக் குழாயையும் முழுசாத் திறந்து விட்டுச்சு. மாடு திரும்பிப் பாத்துச்சு.

மேல பாட்டு நின்னுச்சு.

"சாமி! தண்ணி நின்னு போச்சு!"

"அப்படியா?"

"கண்ணெல்லாம் சோப்பு சாமி! எரியுது! தலைக்குத் தண்ணி வரலை! ஐயோ, துண்டு எங்கன்னு தெரியலையே! சாமீ!"

சாமி வந்து பழைய எடத்துல உக்காந்துருச்சு. வீரணன் செவுத்தைத் தடவித் தடவி இறங்கி வந்தாரு. இடுப்புல எப்படியோ சுத்துன துண்டு, தலை பூரா நுரை. ஒரு கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு, அதுவும் செக்கச் செவேல்னு.

"மேல தொட்டியில தண்ணி இல்லையா மொதலாளி?"

"நெறைய இருக்கு! நீங்கதான் கீழ ரெண்டு குழாயையும் திறந்து விட்டுட்டீங்களே, சத்தம் கேக்குதே!"

"தோட்டத்துக் குழாய் கெட்ட குழாயா?"

"அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு."

"மாட்டுக் கொட்டாய்க் குழாய்?"

"அதுவும் நல்லதுதான். ரெண்டையும் ஒன்னாத் திறந்தா தலைக்கு எப்படி சாமி..."

வீரணன் பாதியில நிறுத்திட்டாரு. திறந்திருந்த ஒத்தக் கண்ணு தட்டுக்குப் போச்சு. குப்பி. தகடு. திரும்பவும் குப்பி.

நுரை ஒரு சொட்டு மூக்குல இருந்து கீழ விழுந்துச்சு.

"உங்க டாக்டரம்மா இங்க முகாம் போட்டப்ப சொல்லிட்டுப் போனாங்க" ன்னு சொல்லுச்சு சாமி. "குப்பி மாத்திரையும் ரத்தக் குழாயத் திறக்கும். இதுவும் திறக்கும். சேந்தா பிரஷர் தொபுக்குனு விழுந்துரும். விழுந்த ஆளு எந்திரிக்காமயே போகலாம்."

"அப்பக் காவக்காரன் வேண்டாம். குதிரைய மட்டும் போட்டுக்கறேன்."

"பாதியில நெஞ்சு புடிச்சா நாக்குக்கு அடியில எதை வெப்பீங்க?"

"குப்பிய."

"அப்ப உள்ள எது இருக்கும்?"

வீரணன் நெத்தி நுரைய வழிச்சு விட்டாரு. கொஞ்சம் யோசிச்சு, "அப்ப குப்பிய நிறுத்திட்டு..." ன்னாரு.

"நிறுத்தச் சொன்னது யாரு? டாக்டரம்மாவா, குதிரையா?"

வீரணன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. இப்ப சத்தம் இறங்கிப் போச்சு.

"சாமி, அவ கரூர் போறதுக்கு முன்னாடி நடந்தது. முடியல. அவ ஒன்னுமே சொல்லலை. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நாலு வார்த்தை வைதிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். இன்னிக்கும் அப்படித் திரும்பிட்டான்னா..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? இந்தப் பக்கச் செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டேன்."

"ஒரு கட்டிலு. ஆளுக்கு ஒரு செவுரு."

வீரணன் துண்டு நுனியால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. சோப்புதான்னு சாமியும் நெனைச்சுக்கிச்சு.

"நாளைக்கு டாக்டரம்மாவைப் பாருங்க. முடியலங்கறதையும் சொல்லுங்க. அது ஏன்னு பாப்பாங்க. உங்க நெஞ்சுக்கு ஒத்து வர்ற வைத்தியம் என்னன்னு சொல்வாங்க."

"பொம்பளை டாக்டரு சாமி! வெக்கமா இருக்காதா?"

"இதைப் பத்தி ஒன்னுமே தெரியாத என்கிட்டச் சொல்லிட்டீங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல வெக்கமா?"

அந்த நேரம் பாத்து மடிச்சு வெச்ச சட்டைக்குள்ள போன் அடிச்சுது. வீரணன் நுரைக் கையோட எங்கயோ அமுக்க, அது ஊருக்கே கேக்கற மாதிரி அலறுச்சு.

"என்னங்க, வேடசந்தூர் தாண்டிருச்சு! பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவீங்கல்ல? எங்க இருக்கீங்க?"

"மடத்துல. குளிச்சுக்கிட்டு..."

"மடத்துலயா? ஏன், நம்ம வீட்டுக் குழாய்க்கு என்ன கேடு?"

சாமி வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்குச்சு.

"வந்து சொல்றேன், வந்து சொல்றேன்" னு வீரணன் போனை வெச்சாரு.

சாமி குப்பியில திருநீறு தொட்டு அவரு கையில குடுத்துச்சு. தகடுக்குத் திருநீறு இல்ல. அதை ஒரு காயிதத்துல மடிச்சுச்சு. "இதை டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. காசிமாயனையும் நாளைக்குக் குளிக்க வரச் சொல்லுங்க."

அப்புறம் போயி ரெண்டு குழாயையும் மூடுச்சு. மேல தண்ணி கொட்டற சத்தம் திரும்ப வந்துச்சு. வீரணன் படியில கால வெச்சவரு நின்னுட்டாரு.

"சாமி, வந்து சொல்றேன்னு சொல்லிப்புட்டேன். அவகிட்ட இதை எங்க இருந்து ஆரம்பிக்கறது?"

"கண்ணுல சோப்போட கத்துனீங்கல்ல, அங்க இருந்து ஆரம்பிங்க."